கழித்தது போக

எர்ணாவூர் ஹவுசிங் போர்டு, நான்காம் மாடிக்கு மேல் மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டியின் மறைவில் முக்காலியை ஊன்றி
தெற்கே திருப்புகிறேன்.
தெற்கு என்றால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, துறைமுகம்,
அதற்கும் அப்பால் மொத்தச் சென்னையும்
ஒரே சோடியம் மஞ்சள்.
அந்த மஞ்சளிலிருந்து ஒன்றரைச் சாண் மேலே
ஓமேகா செண்டாரி இருக்கிறதாம்,
போனில் செயலி சொல்கிறது.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.

கத்திரி. இரவு பத்துக்கும் கைப்பிடிச் சுவர் சுடுகிறது.
உரக் கம்பெனிக் காற்று மூக்கில் ஏறுகிறது.
லென்ஸில் கடலின் உப்பீரம்.
தங்கையின் ஹேர் டிரையரால் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருபது வினாடிக்கு ஒரு படம்.
நூற்றெண்பது படம்.
எக்ஸ்பிரஸ் சாலையில் நாற்பதடிப் பெட்டி ஏற்றிய டிரெய்லர் போனால்
கட்டடம் நடுங்கும்.
கட்டடம் நடுங்கினால்
பதினேழாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால்
அத்தனை நட்சத்திரமும் புழுவாய் நெளியும்.
பகலில் அதே டிரெய்லருக்கு
கேட் பாஸ் எழுதுகிறவள் நான்.
யாரைத் திட்ட?

முப்பத்தேழு படம் அப்படிப் போனது.

கடைசியில் மூடியைப் போட்டு
இருட்டையும் இருபது படம் எடுத்தேன்.
கேமராவுக்கென்று சொந்தமாய்ச் சில பொய் நட்சத்திரங்கள் உண்டு,
சூட்டில் முளைப்பவை.
அவற்றைப் பிடிக்க இது ஒன்றே வழி.
விடிந்ததும் குழாயின் வாயில் வெள்ளைத் துப்பட்டாவைக் கட்டி
வெறும் வானத்தை எடுத்தேன்.
அனல்மின் சாம்பல் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறதென்று
வட்டம் வட்டமாய் அது காட்டிக்கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப் விசிறி அலறுகிறது.
இருட்டைக் கழித்தேன்.
சாம்பலால் வகுத்தேன்.
வலது ஓரம் ஆரஞ்சாய்க் கசிந்த மணலியைக் கழித்தேன்.
அடியில் ராயபுரத்தை.
மிச்சத்தை
யார்டில் பெட்டி அடுக்குகிற மாதிரி
மூலைக்கு மூலை பொருத்தி ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கினேன்.
சாஃப்ட்வேரின் நியாயம் எளிது:
எல்லாப் படத்திலும் இருந்தால் நட்சத்திரம்,
ஒரே தடவை வந்து போனால் குப்பை.

வந்தது.

போன மாதம் கே.வி.கே. குப்பத்துக்கு எதிரே
லாரியின் முன்கண்ணாடி நொறுங்கிக் கிடந்ததே, அப்படி.
நடுவில் குவியல்,
போகப் போகத் தனித்தனி மணி,
ஒவ்வொரு மணியிலும் ஒரு விளக்கு.
வெளிச்சத்தைக் கொஞ்சம் இழுத்தேன், ஓரம் தெளிந்தது.
இன்னும் இழுத்தேன், நடு சுண்ணாம்புக் கட்டியாகிவிட்டது.
விட்டேன். மறுபடி இழுத்தேன்.
மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.
நடுவை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லை.

கேபிள் காசு வாங்க வந்த முனிரத்தினம் அண்ணன்
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"நம்ம ஏரியா தெர்தா இதுல?"
தெரியாது அண்ணா.
தெரியாமல் செய்யத்தான் இவ்வளவு நேரம்.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.
தள்ளியதையெல்லாம் சாஃப்ட்வேர் தனியே
ஒரு படமாய்ச் சேர்த்துவைத்திருக்கும்.
திறந்தேன்.

கறுப்பில்,
மீனம்பாக்கத்துக்கு இறங்கிய விமானங்கள் புள்ளிப் புள்ளியாய்.
இரண்டு செயற்கைக்கோள் கீறல்.
வௌவாலா, வேறெதுவா, ஏதோ ஒன்றின் பாதி.
கரண்ட் போன எட்டு நிமிடத்தில்
புழுக்கம் தாங்காமல் பிள்ளையோடு மேலே வந்த
ஜபீனாவின் செல்போன் டார்ச்.
கொடியில் காற்றுக்கு ஏறி ஏறி இறங்கிய,
கட்டமெல்லாம் கரைந்துபோன
ஒரு நீல லுங்கி.

"அட, என்னுதும்மா."
நட்சத்திரத்தைப் பார்த்ததைவிட நெடுநேரம் பார்த்தார்.
"இதான் சோக்கா கீது. வாட்சப்புல தட்டி வுடு."

இன்று காலை அவருடைய டிபி அதுதான்.
அதில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை.
கேபிள் காசை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.