பதினாறு புள்ளி உயரம்

டத்தோ கிராமாட் சாலையில்
டயர் கடைக்கு மேல் எங்கள் பதிப்பகம்.
மை வாசத்தை ரப்பர் வாசம் தினமும் வென்றது.
முதலாளி குணாளன். ஓவியர் ஊய் கிம் செங்.
பேச்சுக் குமிழுக்குள் எழுத்து எழுதுகிறவள் நான்.
மாதம் ஒரு சித்திரக்கதை, ஒரு வெள்ளி இருபது காசு.

எண்பத்தொன்பதில் ஒசாக்காவிலிருந்து
வீடியோ கேம் ஒன்றைக் கதையாக்க உரிமம் வந்தது.
கூடவே ஒரு தாள்.
கதாநாயகன், பதினாறு புள்ளி உயரம், மூன்று நிறம்,
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
ஐந்து சதுரங்கள்.
கண் என்ன நிறம் என்று தொலைநகலில் கேட்டோம்.
நான்கு நாள் கழித்துப் பதில்:
கண் இல்லை.

கிம் செங் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.
டயர் கழற்றும் ஷம்சுலின் முகத்தை எடுத்து மாட்டினார்,
இடது புருவத்து வெட்டுத் தழும்போடு.

விளையாட்டில் அவன் வாய் திறக்கமாட்டான்.
குதிப்பான், விழுவான், மறுபடி முதலிலிருந்து.
அவனுக்கு முதல் பேச்சு நான் கொடுத்தது:
"அடச்சே."

எங்களில் யாரும் அதை விளையாடி முடித்ததில்லை.
கொம்தாரில் பதினெட்டு வெள்ளி தொலைத்துவிட்டு வந்த குணாளன்
"ஆறாவது கட்டத்துக்கு மேல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.
பார்த்துக்கொண்டோம்.
ஒன்பதாம் இதழில்
அருவிக்குப் பின்னால் ஒரு கதவு வைத்தோம்.

அந்த மாதம் முழுக்க
பள்ளிச் சீருடையில் பையன்கள்
இருபது காசு இருபது காசாக
அருவியில் முட்டி முட்டிச் செத்தார்கள்.
மெஷின்காரர் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பானம் அனுப்பினார்.
தைப்பிங்கிலிருந்து ஒரு கடிதம்:
"கதவு எந்தப் பக்கம்? அம்மாவின் சில்லறை டின் காலி."
இடப்பக்கம் என்று எழுதிப் போட்டேன்.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றில் உரிமம் முடிந்தது.
நாலாயிரம் பிரதிகள், கிலோ கணக்கில்.
பிறகு ஒரு மாலை கச்சாங் பூத்தே வாங்கினேன்,
கூம்புக்குள் உப்புப் படிந்து
ஷம்சுல் முறைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாகம் வந்தபோது
மேல்மாடி வீட்டுப் பையன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.
இப்போது அவன் வளர்ந்திருக்கிறான், கண் உண்டு,
இடது புருவத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.
திரைக் கோளாறாகவும் இருக்கலாம்.
அருவி வந்தது.
"இடப்பக்கம் போ" என்றேன்.
போனான். முட்டினான். செத்தான்.

"அடச்சே" என்றான் பையன்.