யாமத்துக்கு ஒருவர்

விக்டோரியாவில், சுங்கத்துறைப் படகுத்தளத்தில்
ஒரு தொலைபேசி இருக்கிறது.
கயிறு கட்டிய ஈரக் கையோடு எடுத்தேன்.
நிலம் ஆடியது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

படகின் பெயர்?
மேரி ஜோன். பழைய சொந்தக்காரரின் மாமியாராம்.
பெயரை மாற்றினால் ஆகாது என்றார்கள், விட்டுவிட்டோம்.
எங்கிருந்து?
ஹவாய், ஹீலோ. இருபத்தாறு நாள்.
பழம், செடி, இறைச்சி?
ஒரு வெங்காயம். அதுவும் முளைத்துவிட்டது.
படகில் எத்தனை பேர்?

பேச்சு வரவில்லை.

இரவை மும்மூன்று மணியாக நறுக்கி வைத்திருந்தோம்,
ஆளுக்கொரு யாமம்.
அவர் இறங்க நான் ஏறுவேன்.
ஏணிப்படியில் அரை நிமிடம்:
'காத்து வடகிழக்கு. பாயை ஒரு மடிப்புக் குறைச்சிருக்கு.
கப்பல் ஒண்டு தூரத்தில, போட்டுது.
தேத்தண்ணி பிளாஸ்கில இருக்கு.'
முப்பத்தொரு வருடக் கல்யாணம்
இவ்வளவுக்குள் மடிந்து கிடந்தது.

படுக்கை ஒன்றுதான்.
உருண்டு விழாமல் பக்கத்தில் துணி இழுத்துக் கட்டிய
குறுகலான பெட்டி.
அவர் விட்டுப்போன சூட்டில் நான் படுப்பேன்,
நான் விட்டுப்போன சூட்டில் அவர்.
தலையணையில் உப்பும் கோடாலித் தைலமும்.
இருபத்தாறு நாளும் தயாபரனை
அப்படித்தான் தொட்டுக்கொண்டிருந்தேன்.

பகலென்றால் வேலை.
இடுப்புப் பட்டியால் என்னை அடுப்படியில் கட்டிக்கொண்டு
பருப்பு அவிப்பேன்: நல்லநீர் மூன்று பங்கு, கடல்நீர் ஒன்று,
உப்புப் போடும் வேலை மிச்சம்.
பதிவேட்டில் மணிக்கொரு வரி,
என் கையெழுத்து, அவருடைய கோழிக் கிறுக்கல், மறுபடி என்னுடையது.
ஒன்பதாம் நாளோடு பறக்கும் மீன்கள் நின்றன.
பன்னிரண்டாம் நாள் ஸ்வெட்டர்.
பதினாலாம் நாள் காற்றே நின்றது.

மூன்று நாள், ஆறிய எண்ணெய்ச் சட்டி மாதிரிக் கடல்.
பாய் சும்மா அடித்து அடித்துத் தன்னையே கிழித்துக்கொண்டது.
தைக்க உட்கார்ந்தார். ஊசி கோக்கக் கண்ணாடி வேண்டும்.
அவருடையது கடலுக்குள் போய் ஐந்து நாள்,
என்னுடையது என் மூக்கில்.
அதில் தொடங்கியது.
ஸ்காபரோ வீட்டை விற்றதுவரை போனது.
கத்தினோம். கேட்க ஒரு அல்பட்ரோஸ் மட்டும்,
சிறகை மடக்கித் தண்ணீரில் உட்கார்ந்து
கடைசிவரை கேட்டது.
அதற்குள் முறை மாறிவிட்டது,
பாதிச் சண்டையில் அவர் தூங்கப் போனார்.
மூன்று மணி கழித்து எழுப்பி
'காத்து இல்லை' என்றேன்.
'இல்லைத்தான்' என்றார்.
அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

எத்தனை பேர், மேடம்?
குரல் மறுபடி, பொறுமையாக.
ஒரு நேரத்துக்கு ஒருவர் என்று வாய்வரை வந்தது.
'இரண்டு' என்றேன்.
ஒரு இலக்கம் தந்து ஜன்னலில் ஒட்டச் சொன்னார்கள்.

அன்றிரவு ஒரு விடுதி.
குறுக்கே படுத்தாலும் இடமிருக்கும் கட்டில்.
ஒரே நேரத்தில் விளக்கை அணைத்தோம்,
ஒரே நேரத்தில் கண்ணை மூடினோம்.
அப்போது யார் பார்த்துக்கொள்வது?
இதை இருவரும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு விழித்தேன். பக்கம் காலி.
ஜன்னலோரம் நின்றார்,
பைஜாமாவின் மேல் மழைச்சட்டை.
'பச்சை விளக்கு ஒண்டு. அசையேல்லை' என்றார்.
கீழே வெறும் தெரு, நாற்சந்தி.
அது மஞ்சளாகி, சிவப்பாகும்வரை
இருவரும் பார்த்தோம்.
'சரி, நான் பாக்கிறன். போய்ப் படுங்கோ.'

படுத்த உடனே குறட்டை.
அவர் நின்ற இடத்தில் நின்றேன்.
வெறுங்காலுக்குக் கம்பளம்
இன்னும் சூடாக இருந்தது.