ஒன்பதாம் தடம்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
முந்தைய பணியை விட்டதற்கான காரணம்.
திட்டம் முடிந்தது என்று எழுதுகிறேன்.
அடுத்த வரியிலும் அதேதான்.
நான்காவது வரியில் கை தானாகவே
‘மேற்படி’ போடுகிறது.
முப்பத்தைந்து வயதாகிறது.
என் உத்தியோகம் எப்போதும்
மார்ச் முப்பத்தொன்று வரைக்கும்தான்.

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பாதையில்
கரட்டை ஒட்டிப் போகிறது ஒன்பதாம் தடம்.
ஒரு கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.
அதைவிட வேகமாக நடந்தால்
தேவாங்கு நம்மைப் பார்த்துவிடும்,
நாம் அதைப் பார்க்கமாட்டோம்.
டார்ச்சின் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாள்,
அம்மாப்பேட்டையில் பரிசுப்பொருள் சுற்றித்தரும் கடையில்
மூன்று ரூபாய்க்கு வாங்கியது.
அதற்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்டார்கள்
கணக்குப் பிரிவில்.

சடையன் முன்னால், நான் பின்னால்.
உசில மரம், உண்ணிமுள், மறுபடி உசில மரம்.
கீழே சேலம்
களத்தில் காயப்போட்ட ஜவ்வரிசியாய்
மினுங்கிக்கொண்டு கிடக்கும்.
ஏழாம் தடத்தில் நான்கு பார்த்தோம்.
மூன்றாம் தடத்தில் ஒரு தாய்,
வயிற்றில் ஒட்டிக்கொண்டு குட்டி.
ஒன்பதில்
பதினொரு இரவு, பதினொரு பூஜ்யம்.

காலிக் கட்டம் என்றால் போகவில்லை என்று அர்த்தம்.
பூஜ்யம் என்றால்
போனேன், பார்த்தேன், காணவில்லை.
அதனால் பூஜ்யத்தை அழுத்தித்தான் எழுதுவேன்,
அடுத்த பக்கத்திலும் தடம் விழும்படி.

‘தேவாங்காட்டம் இளைச்சுப் போயிட்டயே கண்ணு’
என்கிறாள் அம்மா.
அவள் ஒரு தேவாங்கைக்கூடப் பார்த்ததில்லை.
அது இளைக்கவில்லை அம்மா,
அதன் அளவே அவ்வளவுதான் என்றேன்.
சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று
நினைத்துக்கொண்டாள்.

சடையனுக்கு ஐந்து மாதப் பாக்கி.
ஏப்ரல் பத்திலிருந்து ரிசார்ட்டில் இரவுக் காவல்.
‘அங்கயும் டார்ச்சுதானுங்க,
என்ன, வெள்ளை வெளிச்சம்.’

ரெக்சலின் கூப்பிட்டாள்.
எம்.எஸ்சி.யில் ஒரே பெஞ்ச்.
இப்போது கல்குவாரிகளுக்கு அறிக்கை எழுதும் கம்பெனியில் இருக்கிறாள்.
பி.எஃப். உண்டு, ஒன்றாம் தேதி சம்பளம் உண்டு,
இன்னொரு நாற்காலியும் காலியாக உண்டு.
‘நாலு நைட் சர்வே போதும்டி.
உன் ஒன்பதாம் தடம் பக்கம்தான் சைட்.
உங்கிட்டதான் பதினொரு பூஜ்யம் இருக்கே,
அதையே குடுத்துடலாம்.’

கெட்டவள் இல்லை.
மின்கம்பியில் கருகி விழுந்ததை
துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு
கால்நடை மருத்துவமனைக்கு ஓடியவள் அவள்தான்.
இருந்தும் நம் கண்ணுக்குத் தப்புவது எத்தனை என்று
கணக்கிடும் சூத்திரத்தை
எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.
அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
அதற்கு ஒரு சூத்திரமும் இல்லை.

ஏப்ரல் இரண்டு.
திட்டம் இல்லை, ஜீப் இல்லை.
என் காசில் பஸ் டிக்கெட்,
சடையனுக்குப் பரோட்டா.
பன்னிரண்டாவது இரவு.

மணி எட்டு நாற்பது.
நானூறாவது மீட்டர் தாண்டி
புதரடியில் ஒரு தணல்.
ஒன்றா, இரண்டா?
இரண்டு என்றால் தேவாங்கு.
ஒன்று என்றால் பெரும்பாலும் பக்கிக்குருவி,
தரையோடு அமர்ந்து
பக்கவாட்டில் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சடையன் கிசுகிசுக்கிறான்:
‘போட்டுக்கலாமுங்களா?’

அவள் பூஜ்யம் கேட்டாள்.
எனக்கு
இந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுத
விரலெல்லாம் வலிக்கிறது.

பேட்டரி மங்குகிறது.
கொசு காதோரம் வட்டமிடுகிறது.
மேலே கடைசி பஸ் கியர் மாற்றும் சத்தம்,
நாங்கள் ஏறவேண்டிய பஸ்.
பென்சில் முனை
கட்டத்துக்கு மேலே அரை அங்குலத்தில் நிற்கிறது.

இரு சடையா.
அது தலையைத் திருப்பட்டும்.