பதினாலு கட்டு

லிங்கன்ஷயரில் ஏற்றும்போது
ஒரு கட்டு அறுபது பவுன்.
வேல்ஸின் மேற்கு ஓரம்
நான் வந்து சேர்வதற்குள் எண்பத்தைந்து.
வழியில் அது ஒரு கதிரும் விடவில்லை.
டீசல் குடித்தது என் லாரி,
தேநீர் குடித்தது நான்.

இந்த வருடம் வசந்தம் முழுக்க மழை.
பார்லி முழங்காலைத் தாண்டவில்லை.
அறுத்ததிலும் பாதியை
இயந்திரமே நறுக்கி மண்ணில் விட்டது.
உரம் விற்கிற விலையில்
மண்ணுக்கும் பசிக்காதா என்கிறார்
எனக்கு ஏற்றிவிடும் பிரிட்ஜன்.
மிச்சத்தில் ஒரு பங்கு மின்நிலைய அடுப்புக்கு.
ஒரு பங்கு கேரட் வயலுக்கு,
உறைபனி படாமல் போர்த்திவிட.
வேடிக்கை இல்லை, நானே ஏற்றிப் போயிருக்கிறேன்.
அங்கே கிழங்கு வைக்கோலுக்குள் தூங்குகிறது,
இங்கே மாடு ஈரச் சிமெண்டில் நிற்கிறது.
வைக்கோற்போர் நாயைத் திட்டிவிடலாம் என்றால்
நாயைக் காணோம்.
ஆளாளுக்கு ஒரு நியாயம்தான் இருக்கிறது.

ட்ரெகாரோனுக்கு மேலே,
நவம்பர், மாலை நாலரை, இருட்டு.
டெக்வென் ஹாப்கின் படலைத் திறந்தாள்.
இருபத்துநாலு கேட்டிருந்தவள்
"பதினாலு போதும்" என்றாள்,
லாரியைப் பார்த்து, என்னைப் பார்க்காமல்.
போதும் என்ற சொல்லை
அவ்வளவு பசியோடு நான் கேட்டதில்லை.

மீதிப் பத்துக்கும் ஆள் இருந்தது.
பள்ளத்தாக்கின் அடியில் ஒரு பால்பண்ணை
தொண்ணூறு தருகிறேன் என்று
காலையிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று.
அவளிடம் நான் சொல்லவில்லை.
சொல்லவும் வேண்டாம். இந்த மலையில்
காற்றுக்கு முன்னால் விலை வந்துவிடும்.

கொட்டகையில் அறுபது கறுப்பு மாடுகள்.
மரத்தூள் போட்டுப் பார்த்தார்களாம், அதுவும் ஏறிவிட்டது.
ஓடைக் கோரை, சரிவில் காய்ந்த பெரணி,
எல்லாம் மூன்றே நாளில் சேறு.
அவள் கணவன் எம்ரிஸ்
ஒவ்வொரு கட்டையும் முட்டைக் கூடைபோல இறக்கினான்.
பதினாலாவது தரை தொட்டதும்
அவள் முழங்காலில் வைத்துக் காசோலை எழுதினாள்.
எண்ணால் எழுதிவிட்டாள்.
எழுத்தால் எழுதும் இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு கேட்டாள்:
"உன் லாரித் தளத்தைக் கூட்டிக்கொள்ளவா?"

துடைப்பமும் மூன்று சாக்குமாக ஏறினாள்.
உதிரித் துரும்பு, கயிறு உரசிய பொடி,
பலகை இடுக்கில் போன மாதத்து மிச்சம்.
சரக், சரக்.
அப்புறம் துடைப்பம் நின்று
வேறொரு ஓசை கேட்டது.
எதையோ இழுக்கிற, பிடுங்குகிற ஓசை.
நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.
நல்ல டயர். வெகு நேரம் பார்த்தேன்.
எம்ரிஸும் வந்து பார்த்தான்.

மூன்று சாக்கும் புடைத்து இறங்கின.

கோடித் தடுப்பில் தலையீற்றுக் கிடாரி ஒன்று
வாலைத் தூக்கித் தூக்கி வைத்து
படுக்க இடம் தேடிக்கொண்டிருந்தது.
காலடியில் சாக்கைக் கவிழ்த்தாள்.
முகர்ந்தது. படுக்கவில்லை.
ஒரு வாய் அள்ளித் தின்றது.
டெக்வென் வெல்ஷில் ஏதோ அதட்டினாள்.
அந்த மொழி எனக்குத் தெரியாது.
ஆனாலும் புரிந்தது:
அடியே, அது உன் பிள்ளைக்கு மெத்தை.

பால்பண்ணைக்காரர் டார்ச்சோடு சுற்றிவந்தார்.
பின்வரிசையில் ஒரு கட்டின் மூலையில்
கையை விட்டார். முழங்கைவரை போயிற்று.
"இது என்ன?"

"காற்று" என்றேன்.

அவர் மலை உச்சியைப் பார்த்தார்.
ஒரு விளக்கு மட்டும் எரிந்தது அங்கே.
"ஆமாம், மேலே அடிக்கும்" என்று
பத்துப் பவுன் கழித்துக்கொண்டார்.
சரி என்றேன்.

அன்று மரத்தில் ஓர் இலை அசையவில்லை.