வெள்ளை பத்து, நீலம் இருபது

கடல் எங்கள் தெருமுனையில் இருக்கிறது.
கொட்டிவைத்த பாறைமேல் ஏறினால்
காலில் வந்து அறையும்.
ஆனாலும் நான்
வடிகட்டிய நீரில் பாக்கெட் உப்பைக் கரைத்துக்
கடல் செய்கிறேன்.
"உப்புத் தண்ணிக்குக் காசு குடுக்குற ஒரே ஆளு
குருசுக்குப்பத்துல நீதான்யா மரியலூயி"
என்று ஐஸ் லோடு இறக்கும் மாசிலாமணி
வாளியைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

நாலடித் தொட்டி.
காளான் பவளம் நாலு, தோல் பவளம் ஒன்று,
பொத்தான் பொத்தானாய் விரியும் ஒரு கூட்டம்.
பிளாந்தின் அதைச் 'சட்டைக்கடை' என்பாள்.

கடலைச் செய்துவிடலாம்.
சூரியனில்தான் தப்பு நடக்கும்.

மின்துறையில் புகார்ப் பிரிவு எனக்கு.
வெளிச்சம் இல்லையென்று கத்துகிறவர்களோடு
பதினோரு வருடம்.
வெளிச்சம் கூடிப்போச்சு என்று
ஒருவரும் போன் செய்ததில்லை.
விளக்கு வாங்கிய அன்றே
எல்லாவற்றையும் நூறில் வைத்தேன்.
கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.
எட்டாம் நாள்
தோல் பவளம் அவித்த முட்டை நிறத்துக்கு வந்தது.
அழுகவில்லை, நாற்றமில்லை,
நிறம் மட்டும் கிளம்பிப் போயிருந்தது.
உள்ளே குடியிருந்து சமைத்துப்போட்ட பாசியை
அதுவே வெளியே அனுப்பிவிட்டதாம்,
அடுப்பு மிஞ்சியதால்.

பிறகு வெள்ளை பத்து, நீலம் இருபது.
வாரத்துக்கு ஐந்து ஏற்றம்.
பொறுமை என்று சொல்லமாட்டேன்.
பயம்.
நம் கண்ணுக்கு நீலம் மங்கல்,
அதற்கு அதுதான் உச்சிவெயில்.
ஆழம் போகப்போகச் சிவப்பு செத்துவிடும்,
மஞ்சள் தளர்ந்துவிடும்,
நீலம்தான் அதுவரை இறங்கிவரும்.
வீட்டுக்கு வருகிறவர்கள்
"ஏன் இப்படி இருட்டா வச்சிருக்கீங்க" என்பார்கள்.
காபி கொடுத்து அனுப்பிவிடுவோம்.

எத்தனை மணிக்கு விடியவேண்டும்
என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.
அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி.
நான் ஆறுக்கு வருவேன், அவள் ஏழரைக்குப் போவாள்.
அந்த ஒன்றரை மணிநேரம்
சட்டைக்கடை திறந்திருக்கணும் என்றாள்.
டைமரின் பற்களை ஒவ்வொன்றாகத் தள்ளி
மதியம் ஒன்றரைக்கு விடியலை வைத்தேன்,
இரவு பத்தரைக்கு அந்தியை.

கார்த்திகைப் புயலன்று
அவளுக்கு ஓய்வு, எனக்கு டியூட்டி.
காற்று ஏறியதும்
ஒன்பது பத்துக்கு ஃபீடரை நாங்களேதான் நிறுத்தினோம்.
அப்புறம் போன், போன், போன்.
பதினொன்றே முக்காலுக்கு ஒன்று.
இணைப்பு எண் சொல்லுங்க என்றேன்.
சொன்னாள்.
பாதி எண்ணிலேயே
எங்கள் மீட்டர்பெட்டியின் துரு தெரிந்தது.
"கரண்ட் எப்ப வரும்?"
"வேலை நடக்குதும்மா."
எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.
"சரிங்க" என்றாள்.
பிறகு, "பம்ப் நின்னுபோச்சு.
செம்பால மொண்டு மொண்டு ஊத்துறேன்.
நூறு ஊத்திட்டுக் கொஞ்சம் உக்காருவேன்."
பின்னால் நீர் நீரில் விழும் சத்தம்.
அடுத்த அழைப்பு சிவப்பில் மினுக்கியது.

நாலு இருபதுக்கு லைன் ஏறியது.
மாற்று ஆள் வந்ததும்
முட்டளவுத் தண்ணீரில் நடந்தேன்.
வேப்பமரம் ஒன்று
யாருடைய பைக்கையோ கட்டிக்கொண்டு கிடந்தது.
தெரு முழுக்க மஞ்சள் சன்னல்கள்,
ஒன்று மட்டும் நீலம்.

நின்ற இடத்திலிருந்தே
டைமர் சுற்றத் தொடங்கியிருந்தது.
வெளியே விடிய இருக்கிறது,
தொட்டியில் இரவு மணி பத்து.
சட்டைக்கடை திறக்கவில்லை.
அத்தனையும் முஷ்டி.
கோமாளி மீன்கள் இரண்டும்
மேலே வந்து வாயைத் திறந்து மூடின.

ஈரத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள்,
நைட்டி முழங்கைவரை உப்புப் பூத்து.
வெள்ளையை அணைத்தேன்.
நீலத்தை ஐந்துக்கு இறக்கினேன்.
செம்பை விரல்களிலிருந்து எடுக்கப் பார்த்தேன்,
விடவில்லை.
"அறுபத்தேழு" என்றாள்
தூக்கத்தில்.