குத்தூசி

கீழமாரட் வீதியில் காலை ஆறரைக்கு
லாரி வந்து நிற்கும்போது
மூட்டைமேல் அச்சடித்த பெயரை நான் படிப்பதில்லை.
யானை மார்க்கோ தாமரை மார்க்கோ
அது சாக்குத் தைத்தவனுக்கும் மை பூசியவனுக்கும்
உள்ள விவகாரம்.
குத்தூசியைச் செருகி, ஒரு திருகு திருகி,
உள்ளங்கையில் கொட்டுகிற பத்துப் பருப்புதான்
எனக்குச் சரக்கு.

தங்கச்சி வர்த்தினிக்கு மூன்று இடம் கிடைத்தது.
வடக்கே ஒன்று: நூறு பேர் தட்டினால்
ஒருத்தருக்குத் திறக்கிற கதவு.
சென்னையில் ஒன்று: அதன் பெயரைச் சொன்னதும்
வங்கி மேலாளர் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.
எட்டு வருஷமாய் அந்த மேஜையில்
நின்றபடியே கையெழுத்துப் போட்டவன் நான்.
மூன்றாவது நாகமலைப் பக்கம்,
டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.

தரவரிசை பார் என்றார்கள்.
பார்த்தேன்.
ஒரு பட்டியலில் நாலாவது
இன்னொன்றில் பத்தொன்பது.
ஒரே துவரைக்கு ஒரே நாளில்
விருதுநகரில் ஒரு விலை, இங்கே ஒரு விலை.

கொள்முதல் நோட்டில் கோடு போட்டேன்.
சொந்தத்துக்குச் சொந்தம், சிநேகிதத்துக்குச் சிநேகிதம் என்று
நம்பர் பிடித்து
கடை ஓய்ந்த மத்தியானங்களில் கூப்பிட்டேன்.
குளிக்க எத்தனை நிமிஷம் வரிசை?
குழம்பில் புளி இருக்குமா?
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரோடு இருப்பீர்கள்?

சென்னையில் படிக்கிற பரமக்குடி ராஜபூபதி
கழுத்து அட்டையைக் கழற்றுவதே இல்லையாம்.
ஊருக்கு வரும்போது பஸ்ஸிலும் போட்டிருப்பானாம்,
பக்கத்து சீட்காரர் படிக்கட்டும் என்று.
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு மட்டும்
லைன் சரியாகக் கேட்கவில்லை என்றான்.

நாகமலைப் பையன்
ஆய்வகத்தில் பெரிய மிஷின் ஒன்றுக்குத்
துணி போர்த்தியிருக்கும் என்றான்,
இன்ஸ்பெக்‌ஷன் அன்றுதான் எடுப்பார்களாம்.
அடுத்த மூச்சிலேயே,
டெங்குவில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது
கெமிஸ்ட்ரி மேடம் தூக்குச்சட்டியில்
இரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்ததையும் சொன்னான்.
எந்தக் கட்டத்தில் எழுத?
‘வசதிகள்’ என்ற இடத்தில்
கஞ்சி என்று எழுதினேன்.

வடக்கே இருப்பவள்
உசிலம்பட்டி ஒச்சம்மாள்.
அங்கே அவளை ஓஷி என்கிறார்கள்.
சம்பளம், கம்பெனி, நூலகத்தில் விடிய விடிய விளக்கு
எல்லாம் ஒப்பித்தாள்.
பிறகு தானாகவே,
“இங்க எல்லாருமே அவங்கவங்க ஊர்ல முதல் மார்க்குண்ணே.
யாராவது கடைசியா வந்துதான ஆகணும்.”
யார் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.
குத்தூசி அடிவரைக்கும் போகணும்,
மேல்வாயில் குத்திப் பார்ப்பவன் ஏமாறுவான் என்று
கடைப் பையனுக்குத் தினமும் சொல்கிறவன் நான்.

நோட்டை வர்த்தினியிடம் கொடுத்தேன்.
கூட்டிப் பார்த்தால்
நாகமலை இரண்டு புள்ளி முன்னால்.
கஞ்சிக்கு நான் கொஞ்சம் கூடப் போட்டிருந்தேன்.

அவள் முழுசாய்ப் படித்துவிட்டு,
“நானும் ஓஷிட்ட பேசினேன்.
பத்து நிமிஷம் அழுதா.
வைக்கிறப்ப,
என் ரூம்ல ஒரு கட்டில் காலி, வந்துரு’ன்னா.
வடக்கேதான் போறேன்.”
“அழுதவ கூப்பிட்டாளா போற?”
“அழுதுட்டும் கூப்பிட்டாள்ல.”

இதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

ஆவணியில் ரயில் ஏற்றிவிட்டு வந்து
நேரே கடை திறந்தேன்.
ஊசி உருவிய ஓட்டையைக்
கட்டைவிரலால் நாலு தரம் தேய்த்தால்
சணல் தானாக மூடிக்கொள்ளும்,
குத்திய இடமே தெரியாது.
அன்றைக்கு எல்லா மூட்டையையும் தேய்த்துக்கொண்டிருந்தேன்,
குத்தாததையும்.

போன வாரம் கேட்டேன்,
எப்படி இருக்கு?
“பரவாயில்லண்ணே.”

அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.
தரகர் சொன்னால்
கிலோவுக்கு அரை ரூபாய் குறைத்துக் கேட்பேன்.
போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.
அந்தப் பக்கம் இன்னொரு பெண்
உசிலம்பட்டித் தமிழில்
யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள்.