நாலு விரல் தூரம்

கண்ணுக்கும் காதுக்கும் நாலு விரல் தூரம்.
அளந்து பார்த்ததில்லை,
கண்ணாடியோடு ஹெல்மெட் மாட்டும்வரை.

நாற்பத்தாறு வயதில் கடல் மங்கியது.
ஆல்டாவில் வாங்கினேன்,
கறுப்புச் சட்டம், தடித்த கால்.
முகத்துக்கு எடுப்பாயிருக்கிறது என்றான் கடைக்காரப் பையன்.
முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?
நான் பார்க்க வேண்டியது
அறுபதடி கீழே ஆடும் ஒரு கொக்கியை.

தெரிந்தது.
கொக்கி, அதன் துரு,
மீன்படகின் தளத்தில் கால் முறிந்து கிடந்தவனின்
ஒற்றைக் கையுறை, எல்லாம்.
அன்றுதான் சத்தமும் உள்ளே வந்தது.

காதை மூடும் மெத்தை இருக்கிறதே,
அது தோலைக் கவ்விக் கிடக்க வேண்டும்,
பால் குடிக்கும் பிள்ளையின் வாய் போல.
நடுவில் கண்ணாடியின் கால்.
அதற்கு மேலே ஓர் இடுக்கு, கீழே ஓர் இடுக்கு.
ஊசி நுழையத் திணறும்;
ஹெலிகாப்டர் முழுசாக நுழைந்துவிடும்.

"தூர்பியோர்க், கேட்கிறதா?"
மூன்றாம் முறை கேட்டான் ஆன்டே, முன்னிருக்கையிலிருந்து.
அவன் குரலைக் கூட்டி வைத்தேன்.
இரைச்சலுக்கு மேல் குரல், அதற்கு மேல் இரைச்சல்,
வட்டிக்கு வட்டி.
ஐந்து குளிர்காலம்.

இந்த மார்ச்சில் சோதனை.
பஞ்சு பொதிந்த கூண்டு.
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் எல்ட்ரிட்.
கேட்காதபோதும் அழுத்தினேன்,
எதையும் தவறவிடக் கூடாதே என்று.
காகிதத்தில் கோடு நேராகப் போய்
ஓரிடத்தில் குழியில் விழுந்தது.
இரண்டு காதுக்கும் ஒரே குழி.

"கண்ணாடி போட்டுத்தான் பறக்கிறீர்களா?"
காது பார்ப்பவள் கண்ணைக் கேட்கிறாள்.
கண் பார்த்தவன் காதைக் கேட்கவில்லை.

கம்பி போல மெல்லிய காலுள்ள சட்டம்
சொல்லி வைத்திருக்கிறேன், வர ஆறு வாரம்.
அதுவரை இதுதான்.
கொக்கி யாருக்கும் காத்திருக்காது.

நேற்று லாக்செல்வ் சாலையோரம்,
பாதி புதைந்த வேலிக்கம்பத்தில்
பனிச்சிட்டு, இந்த வருடத்தின் முதலாவது.
ரூவர் நின்று விரலை உயர்த்தினான், கேள் என்று.

கேட்டேன் என்றேன்.

கண்ணாடி பொய் சொல்லாது:
அலகு திறந்தது, மூடியது, திறந்தது.
தொண்டை இறகு துடித்ததுகூடத் தெரிந்தது.

இடுப்பில் அழைப்புக் கருவி.
நல்லவேளை,
அது அதிரும்.